குளத்திலிருந்து பின்னோக்கி ஒரு பயணத் திட்டம்

கனண்ட்ரம் வெந்நீர் ஊற்றுகளின் படத்தைப் பார்க்கும் எவருக்கும் உடனே கிளம்பிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். மூன்று பக்கமும் செங்குத்தான மலை, நடுவே ஆவி பறக்கும் சிறு குளம், கழுத்துவரை நீரில் அமிழ்ந்திருக்கும் நாலைந்து பேர். படத்தில் தெரியாத செய்திகள் இரண்டு உண்டு. அந்தக் குளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை முடியும் இடத்திலிருந்து அங்கே போய்ச் சேரக் கிட்டத்தட்ட 13.7 கிலோமீட்டர் ஏற வேண்டும். குளித்து முடித்த உடம்போடு அதே தூரத்தைத் திரும்பவும் நடக்க வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆஸ்பென் நகரத்துக்குத் தெற்கே, எல்க் மலைத்தொடருக்குள் இருக்கிறது இந்த இடம். இந்தக் கோடையின் கடைசியில் அக்காவும் நானும் அங்கே போகிறோம். சில மாதங்களாக இதற்கான திட்டத்தைத்தான் எழுதியும் அழித்தும் கொண்டிருக்கிறேன். மலை நடைக்குத் திட்டம் போடுபவர்கள் வழக்கமாகப் புறப்படும் இடத்திலிருந்து தொடங்குவார்கள்: எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே தண்ணீர், எங்கே கூடாரம். குளியல் கடைசி வரியில் ஒரு பரிசைப்போல வந்து நிற்கும். வெந்நீர் ஊற்றுக்கு அந்த முறை சரிப்படாது என்பது என் உறுதியான எண்ணம். பயணத்தின் மிக உயரமான புள்ளி அந்தக் குளம்தான். உடம்பு மிகவும் களைத்து, நீர் வற்றி, மூச்சுக்குத் திணறும் நேரத்தில்தான் அதற்குள் இறங்குகிறோம். ஆகவே குளத்தில் எந்த நேரத்தில், எந்த நிலையில், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி அடுக்க வேண்டும்.

முதலில் நீரைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஊற்றின் வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். மழையும் பனியும் உருகிப் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகின்றன. ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது பூமியின் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை கூடுகிறது. அங்கே சூடேறிய நீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. செயற்கை வெந்நீர்த் தொட்டிகளுக்கு 40 டிகிரிதான் உச்ச வரம்பு என்பதால், 38 டிகிரி பயப்பட வேண்டிய சூடு இல்லை. சமவெளியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. 3,400 மீட்டரில் கணக்கு வேறு.

வெந்நீரில் தோலடி ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் தோல் பக்கம் போகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. நீருக்குள் இருக்கும்வரை நீரின் அழுத்தம் கால்களிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. சட்டென்று எழுந்து நின்றால் அந்தத் தாங்கல் போய்விடும். ரத்தம் காலுக்கு இறங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கி விழுவார்கள். குளத்தின் கரை முழுக்கப் பாறை. ஆறு மணி நேரம் ஏறி நீர்ச்சத்து குறைந்த உடம்புக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மலைக்காற்று வறண்டது, வேகமாக மூச்சு விடும்போது ஒவ்வொரு மூச்சிலும் நீர் போகிறது. வெந்நீருக்குள்ளும் வியர்க்கிறது, ஆனால் வியர்ப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே மதுப்புட்டியோடு உட்காருபவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. மதுவும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடலின் நீரை வெளியேற்றும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோயின் தலைவலியையும் போதையின் தலைவலியையும் பிரித்தறிய முடியாமலும் செய்துவிடும்.

அக்கா ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். நடப்பதில் அவளுக்குக் குறையே இல்லை, என்னைவிடச் சீராக நடப்பவள். எனக்குக் கவலை குளத்தைப் பற்றித்தான்.

"அக்கா, நடக்கலாமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்காதே. 3,400 மீட்டரில், களைப்போடு, வெந்நீரில் இறங்கலாமா என்று கேள்" என்றேன்.

"அப்படிக் கேட்டால் கூடாது என்றுதானே சொல்வார்?"

"சொன்னால் நீ கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொள். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்."

கேட்டுவிட்டு வந்தாள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டுபவை, சில ரத்தக் குழாய்களை விரிப்பவை. வெந்நீரும் அதையே செய்யும் என்பதால் எந்த மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவர் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மார்புக்கு மேல் நீர் ஏறக் கூடாது, எழும்போது முதலில் கரையில் உட்கார்ந்து பிறகு நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றுமே நல்ல விதிகள். மாத்திரையே சாப்பிடாத நானும் அவற்றைக் கடைப்பிடிக்கப் போகிறேன்.

என் பங்குக்கு இன்னொரு விதியைச் சேர்த்தேன்: தலையை நீருக்குள் முக்கக் கூடாது. நெக்லேரியா என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, 46 டிகிரி வரைகூடத் தாங்குவது. அந்த நீரைக் குடிப்பதால் அது தொற்றாது. மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். தொற்று மிக மிக அரிது என்றாலும், வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்திருக்கிறார்கள். முகத்தை நனைக்காமல் இருப்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

அடுத்து, எந்த நேரத்தில் குளிப்பது? கொலராடோ மலைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நண்பகலுக்குப் பிறகு இடியும் மின்னலும் கிட்டத்தட்ட அன்றாட வழக்கம். காலையில் நீலமாக இருக்கும் வானம் பதினொரு மணிக்குத் திரள ஆரம்பித்து இரண்டு மணிக்குக் கொட்டிவிடும். ஊற்று இருப்பது மரங்கள் அடர்ந்த காடு முடிந்து மலை திறந்துகொள்ளும் இடத்துக்கு அருகில். மின்னல் நேரத்தில் திறந்த வெளியில், அதுவும் நீருக்குள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. இடிச்சத்தம் காதில் விழுந்தால் உடனே வெளியேற வேண்டும். கடைசிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்பவும் இறங்கக் கூடாது.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடைபாதை தொடங்கும் இடம் ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. மொத்த ஏற்றம் 750 மீட்டருக்குக் குறையாது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்த ஒரு கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி நமக்கு நான்கு மணி நேரம் வருகிறது. அது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமானவருக்கு, குறைந்த உயரத்தில் உள்ள மலைக்குச் சொன்னது. கூடாரமும் சாப்பாடும் முதுகில் இருக்க, மூச்சுக்கு நின்று நின்று போகும் எங்களுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் நண்பகலில் போய்ச் சேருவோம். நேரே குளத்துக்குப் போக வேண்டும் என்று உடம்பு கெஞ்சும் நேரமும் அதுவே, வானம் கறுக்கும் நேரமும் அதுவே.

ஒரே நாளில் போய்த் திரும்புபவர்கள் நிறைய உண்டு. பகல் நடைக்குப் பெர்மிட் தேவையில்லை என்பதும் ஒரு காரணம். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மொத்தம் 27 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, நடுவில் இடி நேரத்தில் அவசரமாகக் குளித்து, தளர்ந்த தசைகளோடு கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இறங்குவது பலசாலிகளுக்கு முடியலாம். ஆனால் அந்தக் குளியலில் அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சமே, எடுத்துக்கொள்ளும் ஆபத்தோ மிக அதிகம். எங்கள் திட்டத்தில் நண்பகலில் போய்ச் சேர்ந்ததும் யாரும் குளத்தின் பக்கம் போவதில்லை. கூடாரம் போட வேண்டும், நீர் குடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும். மாலை ஆறு மணிவாக்கில் தலைவலி இல்லை, வானமும் தெளிவு என்றால் குளியல். ஆகஸ்டில் அப்போது வெளிச்சம் நன்றாகவே இருக்கும்.

குளித்து எழும்போது உடுத்த வேண்டியவை குளத்தின் கரையிலேயே நீர் புகாத பையில் இருக்க வேண்டும்: உலர்ந்த கம்பளி உள்ளாடை, தொப்பி, திணிப்பு வைத்த கதகதப்பான மேலங்கி, நல்ல பிடிப்புள்ள செருப்பு. விரிந்த ரத்தக் குழாய்கள் உடம்பின் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈரத் தோலில் மலைக்காற்று பட்டால் சில நிமிடங்களில் நடுக்கம் தொடங்கும். கூடாரம்வரை ஈரத் துண்டோடு நடப்பது கூடவே கூடாது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி என்ற கணக்கில் மேலே போகப் போகக் குளிர் கூடும். இரவில் உறைநிலையை ஒட்டி இறங்குவது ஆகஸ்டிலும் நடக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. அங்கே உடையில்லாமல் குளிப்பது நெடுநாள் பழக்கம். அக்காவிடம் இதை வெளிப்படையாகச் சொன்னேன். "அவரவர் பாட்டுக்குக் குளிக்கட்டும், நான் என் பாட்டுக்கு உடையோடு குளிக்கிறேன்" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

மாலை ஆறு மணிக்குத் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்றேனே, அதற்கான வேலை இரண்டு நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 விழுக்காடுதான். காற்றழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும் எவருக்கும் மலை நோய் வரலாம். வயதும் உடல்வலுவும் இதற்குப் பாதுகாப்பு ஆகா. மாரத்தான் ஓடுபவர் படுத்துவிடுவதும் அவருடைய தாய் நலமாக நடப்பதும் மலையில் நடக்கக்கூடியவையே. தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல், தூக்கமின்மை ஆகியவை அறிகுறிகள். உடம்பு பழக நேரம் கொடுப்பதே முதல் மருந்து. 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மிகாத உயரத்தில் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி.

ஆஸ்பென் நகரம் ஏறத்தாழ 2,400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து நேராகப் போனால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் தாவல். நடுவில் ஒரு படி வேண்டும். வரைபடத்தை விரித்துத் தேடியபோது, இண்டிபென்டன்ஸ் கணவாய்க்குப் போகும் சாலையில் லிங்கன் கல்ச் என்ற முகாமிடம் கண்ணில் பட்டது; உயரம் ஏறத்தாழ 2,950 மீட்டர். முதல் இரவு 2,400, அடுத்த இரவு 2,950, அதற்கடுத்த இரவு 3,400. ஏணிப்படிகளைப்போல இப்படி அடுக்கிய பிறகுதான் எனக்கு இந்தத் திட்டத்தின்மேல் நம்பிக்கை வந்தது. லிங்கன் கல்ச்சில் இடம் கிடைக்காவிட்டால் ஆஸ்பெனிலேயே கூடுதலாக ஓர் இரவு தங்கி, பகலில் மேலே ஏறி நடந்துவிட்டு இறங்கித் தூங்குவோம். மலை நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றியும் அக்கா மருத்துவரிடம் பேசிவிட்டாள். அது சிறுநீரைக் கூட்டும் மருந்து. அவளுடைய மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் பார்த்துத்தான் கொடுக்க முடியும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தலைவலி வந்தால் குளியல் இல்லை. மேலே ஏறுவதும் இல்லை. குதிகாலும் விரல்நுனியும் தொட நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் சேர்வதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது நள்ளிரவானாலும் இறங்க வேண்டும். வெந்நீரில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்கவே கூடாது.

பெர்மிட் விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடம் மரூன் பெல்ஸ்-ஸ்னோமாஸ் என்ற காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய வனச் சட்டத்தின்கீழ் அந்த ஆண்டே பாதுகாக்கப்பட்ட பகுதி இது. இயந்திரங்கள், வண்டிகள், சைக்கிள்கூட உள்ளே கூடாது. 2018 முதல் கனண்ட்ரம் பள்ளத்தாக்கில் இரவு தங்க, எந்தப் பருவமானாலும், இணையத்தில் முன்பதிவு செய்த பெர்மிட் வேண்டும். குறித்த இடங்களில் மட்டுமே கூடாரம் போடலாம். இடங்கள் விற்பனைக்கு வந்த சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். எங்களுக்கு வார நடுவில்தான் கிடைத்தது. இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கு முன்பு கோடை வார இறுதிகளில் சின்னஞ்சிறு குளத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் தங்கினார்கள். குப்பையும் மனிதக் கழிவும் குவிந்தன. அந்த உயரத்தில் மண் மெல்லிய படலம்தான், ஆண்டில் பெரும்பகுதி உறைந்து கிடப்பது. புதைத்தவை மக்க நெடுங்காலம் ஆகும். அதனால் எங்கள் கழிவை அதற்கென்று இருக்கும் பைகளில் கட்டிக் கீழே கொண்டு வரப் போகிறோம். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஓர் ஊற்றின் கரையில் குளிக்கவும் வேண்டும், அதன் கரையை அசுத்தமாக்கவும் செய்யலாம் என்ற எண்ணத்தைவிட இந்தப் பை எனக்கு எவ்வளவோ மேலாகத் தோன்றுகிறது. சோப்பு, ஷாம்பு எதுவும் குளத்துக்குள் போகாது. உடம்பில் பூசிய வெயில் களிம்பையும் குளத்திலிருந்து 60 மீட்டர் தள்ளி ஈரத்துணியால் துடைத்த பிறகே இறங்குவோம்.

சாப்பாட்டைக் கரடியால் உடைக்க முடியாத கெட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதும் சட்டம். பற்பசை, களிம்பு என மணமுள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். பெட்டியே ஒரு கிலோவுக்கு மேல் எடை என்பதால் மற்றவற்றைக் குறைக்க வேண்டியிருக்கிறது. நாய்களை ஊற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கே தீ மூட்டக் கூடாது. சமையலுக்குச் சிறு காஸ் அடுப்பு. 3,400 மீட்டரில் நீர் 89 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் எதுவும் வேக நேரமாகும்; வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற உணவுகளை எடுத்துக்கொள்கிறோம். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். கொதிக்க வைப்பதானால் இந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும்.

பருவம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜூனில் பனி உருகி ஓடைகள் பெருகும். பாதை ஓடையைக் கடக்கும் இடங்களில் மாலையில் நீர் மிக அதிகமாகவும் விடிகாலையில் குறைவாகவும் இருக்கும். ஆகஸ்ட் இறுதியில் அந்தத் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் பனிச்சரிவுகளின் பள்ளத்தாக்கு இது. 2019 மார்ச்சில் விழுந்த பெரும் சரிவுகள் சாய்த்த மரங்கள் இன்னும் கிடக்கின்றன. 2012 வசந்தத்தில், மேலே பனியில் சிக்கிய மாடுகள் ஊற்றுக்கு அருகிலிருந்த பழைய மரக் குடிலுக்குள் ஒதுங்கி அங்கேயே உறைந்து இறந்து கிடந்ததை விமானப்படைக் கல்லூரி மாணவர்கள் கண்டார்கள். வண்டி போகாத இடம். கோடையில் ஊற்றுநீர் கெடும் என்ற அச்சம் வேறு. வெடி வைப்பதைப் பற்றிக்கூட வனத்துறை யோசித்தது. கடைசியில் ஊழியர்கள் கைரம்பங்களோடு ஏறிப்போய் அப்புறப்படுத்தினார்கள். அந்த உயரத்தில் ஏதாவது நேர்ந்தால் எல்லாவற்றையும் மனிதக் கையாலேயே செய்ய வேண்டியிருக்கும் என்பதை இந்தச் செய்தியைப்போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

அங்கே கைப்பேசிச் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை எடுத்துப் போகிறோம். கருவி மீட்புக் குழுவை அழைக்கலாம். அவர்கள் நடந்து வந்து சேர மணிக்கணக்கில் ஆகும், வானிலை மோசமானால் ஹெலிகாப்டரும் வராது. இதனால்தான் திரும்பும் நேரத்தையும் இப்போதே எழுதிவைத்தோம். மதியம் ஒரு மணிக்குள் கூடாரமிடும் இடத்தை அடையவில்லை என்றால், குளம் இன்னும் அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும் திரும்புகிறோம். குளத்தைப் பார்க்காமலே வரலாம் என்று இருவரும் சம்மதித்த பிறகுதான் பெர்மிட்டுக்குப் பணம் கட்டினேன்.

ஊரில் இருக்கும் அத்தானிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். நடைபாதை தொடங்கும் இடம், எங்கள் காரின் எண், கூடாரத்தின் நிறம், அக்காவின் மாத்திரைகளின் பெயர், பெர்மிட் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. கீழே ஒரு நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். "இந்த நேரம் தாண்டியும் செய்தி வரவில்லை என்றால் பிட்கின் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள், அத்தான். தேடும் பொறுப்பு அவர்களுடையது" என்றேன். அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "காலை நடையில் தாமதமானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சரியான கேள்விதான். திரும்பும் நாள் காலையில் குளியல் வேண்டாம், ஏழு மணிக்குள் கூடாரத்தைக் கழற்றிவிடுவது என்று அக்காவும் நானும் அப்போதே முடிவு செய்து, அதையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதினோம்.